எங்கள் வீட்டு மழைக்கணக்கு
(பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதற்கான ஒரு பாடம்)



சொந்த ஊரில் இருந்தபோது மழை எந்தப் பக்கத்தால் வரும் என்று யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எந்தப் பனங்கூடலுக்கு மேலே வானம் கறுத்தால் மழை பெய்யும், எந்த ஒழுங்கையில் முதலில் வெள்ளம் நிற்கும் என்பதெல்லாம் அப்புவும் ஆச்சியும் காட்டித்தந்த பாடம். இடம்பெயர்ந்தபோது மண்வெட்டியை எடுத்து வந்தோம். சிலர் விதையையும் முடிந்து வந்தோம். அந்தப் பாடத்தை மட்டும் முழுதாக எடுத்துவர முடியவில்லை. அது அந்த இடத்துக்கே உரியது.

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும் என்று மக்கள் அறிந்திருந்ததை இயேசு எடுத்துக்காட்டுகிறார். அந்த நாட்டுக்கு மேற்கே கடல் இருக்கிறது. மழையும் அங்கிருந்தே வந்தது. எமது வட பகுதிக்குக் கார்த்திகை, மார்கழி மழை பெரும்பாலும் வங்கக் கடல் பக்கமிருந்து, வடகிழக்காக வருகிறது. ஆகவே, வானத்தின் அடையாளங்களை ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் படிக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டு, பின்னர் வன்னிக்குப் போன கமக்காரர் பலர் கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணில் பயிர் செய்தவர்கள். மழையையும் குளத்தையும் நம்பிய நிலம் அவர்களுக்குப் புதிது. மானாவாரி நிலத்தில் முதல் தூறலை நம்பி விதைத்தால், விதை முளைத்தபின் ஈரம் காய்ந்து, கையிலிருந்த விதை முழுவதும் போய்விடலாம். அடுத்த விதைக்குக் கடன்தான் வழி. எனவே இந்தப் பாடம் பிள்ளைகளின் விளையாட்டு மட்டுமல்ல, வீட்டின் விதையைக் காக்கும் வேலையும் ஆகும்.

தேவையானவை
அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பால்மாப் பேணி, ஓர் அடிமட்டம், உலர்ந்த மெல்லிய தடி, ஒரு கொப்பி, ஒரு துண்டுத் துணி.

மழையை அளத்தல்
1. பேணியை வெளியான இடத்தில் வையுங்கள். அருகிலுள்ள மரமோ குடிசையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளியிருப்பது நல்லது.
2. நிலத்தில் விழுந்து தெறிக்கும் நீர் உள்ளே போகாதபடி பேணியின் வாய் ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். ஆடும் கோழியும் தட்டிவிடாமல் மூன்று தடிகளை நட்டுக் கட்டுங்கள்.
3. தினமும் ஒரே நேரத்தில், பள்ளிக்குப் போகுமுன், பிள்ளை தடியை நேராக விட்டு எடுத்து, நனைந்த உயரத்தை அடிமட்டத்தில் மில்லிமீற்றரில் பார்க்கட்டும்.
4. எழுதியதும் நீரை ஊற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த நாள் கணக்குப் பிழைக்கும், நுளம்பும் பெருகும்.

ஒரு நாள் அகன்ற பேணி ஒன்றையும் ஒடுங்கிய பேணி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "பெரிய பேணியில்தான் கூட நிற்கும்" என்றே சின்னப்பிள்ளைகள் சொல்வார்கள். அளந்து பார்த்தால் இரண்டிலும் உயரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அகன்ற வாய் கூடிய மழையைப் பிடித்தாலும் அது அகன்ற அடியில் பரவி நிற்கிறது. இதை நீங்கள் முந்திச் சொல்ல வேண்டாம். பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

கொப்பியில் எழுதுதல்
நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சூரியன், முகில், குடை ஆகியவற்றில் ஒன்றை வரைந்தால் போதும். ஏழு வயதுக்கு மேல் இலக்கத்தை எழுதலாம். பத்து வயதுப் பிள்ளை மாத முடிவில் கூட்டிச் சொல்லலாம். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். பார்க்க மறந்த நாளில் 0 எழுதக் கூடாது. ஒரு கோடு போட வேண்டும். தெரியாததை இல்லை என்று எழுதாதிருப்பது கணக்குக்கு மட்டுமல்ல, வாழ்க்கைக்கும் நல்ல பழக்கம்.

காற்றும் ஈரமும்
தடியில் துணியைக் கட்டி, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருபவை. தை மாதத்தில் பட்டம் விடும் பிள்ளை வாடையைக் கையிலேயே உணர்வான். மழை பெய்த மறுநாள், தோட்டத்தில் சிறு குழி தோண்டி, ஈரம் எத்தனை விரல் ஆழம் போயிருக்கிறது என்று அளந்து மழை அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு மழைக்கு உங்கள் மண் விதைப்புக்குத் தயாராகும் என்பதை இந்த இரண்டு இலக்கங்களும் சேர்ந்து சொல்லும்.

ஒரு கணக்கு
ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீர். ஒரு பரப்பு நிலம் ஏறக்குறைய 250 சதுர மீற்றர். அப்படியானால் 12 மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புக்கு 3,000 லீற்றர். 20 லீற்றர் வாளியால் 150 வாளி! அம்மா அத்தனை வாளி சுமந்தால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்களில் 24 மணி நேர மழை காலை 8.30க்கு அளக்கப்படுகிறது. வானொலியில் சொல்லும் அளவும் உங்கள் அளவும் வேறுபட்டால் பிள்ளை பிழை செய்ததாக நினைக்க வேண்டாம். ஒரு கிராமத்தில் கொட்டிய மழை அடுத்த கிராமத்தில் தூறலாகப் போவதுண்டு.

கவனம்
இடி முழங்கும்போது எவரும் வெளியே போய் அளக்கக் கூடாது. மரத்தடியிலும் நிற்கக் கூடாது. பேணி வீட்டு முற்றத்திலேயே இருக்கட்டும். கண்ணிவெடி அகற்றப்படாத காணிப் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது.

கலந்து பேசுவோம்
1. நாம் இருந்த ஊரில் மழைக்கு எந்த அடையாளங்களைப் பார்த்தோம்? அவற்றில் எவை இங்கும் பொருந்துகின்றன? முதியவர்களைக் கேட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.
2. இங்கு நெடுநாள் வாழும் அயலவர் எதைப் பார்த்து விதைக்கிறார்கள்? பிள்ளையை அவர்களிடம் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மழையைப் பற்றிய பேச்சில் உறவும் வளரும்.
3. ஊர் திரும்பும் நாளில் இந்தக் கொப்பியை யாருக்குக் கொடுத்துப் போவோம்?

ஊருக்குத் திரும்பியவர்களில் பலர் பழைய பனைகள் நின்ற இடத்தில் பற்றையைத்தான் கண்டார்கள். அடையாளம் காட்டிய மரங்கள் போயிருக்கலாம். அளக்கப் பழகிய பிள்ளை அங்கும் ஒரு பேணியை வைத்து, முதல் நாள் இலக்கத்தை எழுதித் தொடங்குவாள்.