காய்ந்த எண்ணெய்க்குப் பொடி போடலாமா?



முறுக்கு, காராசேவு, சாமை முறுக்கு சுட்டு விற்கும் குழுக்களுக்குப் பெரிய செலவு எண்ணெய்தான். அதனால் "இந்தப் பொடியைப் போட்டா கறுத்த எண்ணெயும் புதுசாயிடும்"னு யாராவது சொன்னா வாங்கத் தோணும். வாங்குமுன் இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் படியுங்கள்.

எண்ணெய் ஏன் கெடுகிறது?

சூடு, காற்று, மாவிலுள்ள ஈரம், அடியில் கருகும் தூள், உப்பு ஆகியவை சேர்ந்து எண்ணெயை உடைக்கின்றன. நிறம் கறுக்கும், பிசுபிசுக்கும், நுரை பொங்கும், சீக்கிரம் புகையும்.

சேர்க்கும் பொருள் என்ன செய்யும்?

எண்ணெய்க் கம்பெனிகள் டி.பி.எச்.க்யூ. (எண் 319) என்ற பொருளைச் சேர்ப்பதுண்டு. அது கெடுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சட்டப்படி ஒரு கிலோ எண்ணெயில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வீட்டு ஸ்பூனால் இதை அளக்கவே முடியாது. ஒரு டீஸ்பூன் போட்டாலே பல மடங்கு கூடிவிடும். பாக்கெட் எண்ணெயில் ஏற்கனவே சேர்த்தும் இருக்கலாம். லேபிளைப் பாருங்கள்.

வேறு சில பொடிகள் கசடையும் நிறத்தையும் உறிஞ்சும். எண்ணெய் தெளிவாத் தெரியும். ஆனால் உடைந்த எண்ணெய் புதிதாகாது.

புளி உருண்டை போட்டால் எண்ணெய் பொங்காது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நுரை அடங்கினாலும் கெட்டது கெட்டதுதான்.

சட்டம் சொல்வது

எண்ணெய் கெடும்போது 'போலார்' பொருட்கள் உண்டாகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இவ்விதி 1.7.2018 முதல் நடைமுறையில் உள்ளது.

செலவில்லாத வழிகள்

1. அடுப்பை மிதமாக வையுங்கள். எண்ணெய் புகைய விடாதீர்கள்.
2. ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு தூளை அரித்து எடுங்கள்.
3. மிக்சருக்கு உப்பு, காரத்தை வறுத்து எடுத்த பிறகு, சட்டிக்கு அப்பால் வைத்துத் தூவுங்கள்.
4. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் எண்ணெய் வைக்காதீர்கள். அவை கெடுவதை வேகப்படுத்தும்.
5. ஆறியதும் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள்.
6. பழைய எண்ணெயைப் புது எண்ணெயில் கலக்காதீர்கள்.

கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பஜ்ஜிக் கடைக்கும் விற்காதீர்கள். பயோடீசல் தயாரிக்க அதைச் சேகரிக்கும் 'ரூகோ' திட்டத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. நம் பகுதியில் யாரிடம் கொடுப்பது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

கழிக்கும் எண்ணெயையும் செலவில் எழுதி விலை போடுங்கள். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை நம்ம முறுக்கைப் பிள்ளைகள்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள். ஒரு தடவை காறல் வாடை அடிச்சா, மறுபடி நம்மகிட்ட வாங்குவாங்களா?

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழு எண்ணெயை எப்போது மாற்றுகிறது? அதை முடிவு செய்வது யார்?