மட்டாஞ்சேரியின் இளம் கால்நடை மருத்துவருக்கு: ஊசி வழி மயக்கம் பற்றி

உடலுக்குள் போய்விட்ட ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. நாய், பூனைகளுக்கு ஊசி வழியாக மயக்கம் கொடுப்பதன் விதிகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன. ஐசோஃப்ளூரேன் வாயுவில் மயக்கம் ஆழமாகிவிட்டால் திருகைக் குறைத்தால் போதும். விலங்கு மூச்சுவிட விட மருந்து வெளியேறும். தசையில் போட்ட கீட்டமைனோ கல்லீரலும் சிறுநீரகமும் கழிக்கும்வரை உள்ளேயே இருக்கும். எனவே ஊசியை நம்பித் தொழில் செய்யும் மருத்துவர், சிரிஞ்சை அழுத்துவதற்கு முன்பே பெரும்பாலான வேலையை முடித்திருக்க வேண்டும். அழுத்திய பின், விலங்கு தலை தூக்கும்வரை அதைவிட்டு நகரக் கூடாது.

கொச்சியில் ஊசி வழி மயக்கம் அன்றாட வேலை. ஆக்சிஜன் சிலிண்டரும் வேப்பரைசரும் உள்ள மருத்துவமனைகள் நகரில் உண்டு. மட்டாஞ்சேரி போன்ற பழைய, நெருக்கமான பகுதியில் ஒற்றை அறையில் கிளினிக் தொடங்கும் இளம் மருத்துவருக்கு முதல் சில ஆண்டுகள் சிரிஞ்சும் ஸ்டெதஸ்கோப்பும்தான் துணை. தெருநாய்க் கருத்தடையிலும் ஊசியே பெரிதும் புழங்குகிறது. 2001-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விதிகளும், நாயைப் பிடித்து அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடச் சொல்கின்றன. கொச்சி மாநகராட்சியின் கருத்தடை மையம் பிரம்மபுரத்தில் இருக்கிறது. இத்தகைய மையங்களில் ஒரே நாளில் பல நாய்கள் மேசைக்கு வரும். பத்தாவது நாய்க்கும் முதல் நாய்க்குச் செய்த அதே பரிசோதனை, அதே எடை, அதே கணக்கு வேண்டும்.

மிகுதியாகப் புழங்கும் கூட்டு சைலசீனும் கீட்டமைனும். இரண்டும் 1962-இல் உருவானவை. சைலசீன் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பிறந்தது, கீட்டமைனை அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கினார். சைலசீன் விலங்கை அமைதிப்படுத்தும், தசையைத் தளர்த்தும், இதயத் துடிப்பைக் குறைக்கும். பூனைகளைப் பெரும்பாலும் வாந்தியெடுக்க வைக்கும். கீட்டமைன் விலங்கை அதன் புலனுணர்விலிருந்து பிரித்து வைக்கும், துடிப்பைக் கூட்டும், தனியாகக் கொடுத்தால் தசை விறைக்கும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதால் இரண்டையும் சேர்க்கிறார்கள். அந்த ஈடு முழுமையானதல்ல. இதயம் தளர்ந்த கிழநாய்க்குச் சைலசீன் ஆபத்து. பூனையின் உடலில் கீட்டமைன் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுவதால், சிறுநீர் அடைத்துக்கொண்ட ஆண்பூனைக்கு மயக்கம் எதிர்பாராமல் நீளும். சைலசீன் ஆகாத இடத்தில் டயசிபாம் அல்லது மிடசோலம் கைகொடுக்கும். டயசிபாம் தசையில் போட்டால் வலிக்கும். மிடசோலம் தசைக்கும் ஏற்றது.

மட்டாஞ்சேரியில் ஆட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பஜார் சாலையின் மிளகு, சுக்குக் கிடங்குகளின் வாசலில் ஆடுகள் அவிழ்த்துவிட்டபடி திரிவது அங்கு அன்றாடக் காட்சி. காலையில் நாய்க்குச் சைலசீன் போட்ட அதே மேசைக்குப் பிற்பகலில் கால் முறிந்த ஆடு வரலாம். அசைபோடும் விலங்குகளிடம் சைலசீன் பல மடங்கு வீரியத்தோடு வேலை செய்யும். நாய்க்குரிய அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதும். நாயின் கணக்கை ஆட்டுக்குப் போட்டால் வயிறு உப்பி, மூச்சுத் திணறி, நுரையீரலில் நீர் கோத்து ஆடு இறந்துபோகலாம்.

அளவுக் கணக்கை ஒரு பூனையை வைத்துப் பார்க்கலாம். எலிக்காகக் கிடங்கில் வளரும் பெண்பூனை ஒன்று கருத்தடைக்குத் துணிப்பையில் வந்திருக்கிறது. அடர்ந்த ரோமத்தால் பார்வைக்கு நான்கு கிலோ போலத் தெரிகிறது. தராசில் வைத்துப் பையின் எடையைக் கழித்தால் 2.6 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கீட்டமைன் என்றால் 26 மில்லிகிராம்; மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 0.52 மில்லி. கிலோவுக்கு 1 மில்லிகிராம் சைலசீன் என்றால் 2.6 மில்லிகிராம், மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 0.13 மில்லி. கண்மதிப்பை நம்பியிருந்தால் 0.8 மில்லியும் 0.2 மில்லியும் ஏறியிருக்கும். ஒன்றரை மடங்குக்கும் மேல். குதிரைகளுக்கென்று மில்லிக்கு 100 மில்லிகிராம் செறிவிலும் சைலசீன் உண்டு. அந்தக் குப்பி கைக்கு வந்துவிட்டால் அதே 0.13 மில்லியில் ஐந்து மடங்கு மருந்து இருக்கும். ஆகவே எடை, குப்பியின் செறிவு, மில்லிகிராம், மில்லி நான்கையும் தாளில் எழுத வேண்டும். உதவியாளர் அதை உரக்கப் படிக்க, மருத்துவர் குப்பியைப் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். இவ்வளவு சிறிய அளவை 1 மில்லி சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். அவசரத்துக்கான அட்ரினலின், அட்ரோபின் அளவுகளும் அதே தாளில் முன்கூட்டியே இருக்க வேண்டும்; மூச்சு நின்ற நிமிடத்தில் யாருக்கும் கணக்கு வராது.

மயக்கத்துக்கு முன் வளர்ந்த விலங்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருப்பது வழக்கம்; குட்டிகளுக்கு அவ்வளவு நீண்ட பட்டினி ஆகாது. "சாப்பிட்டதா?" என்று கேட்டால் உரிமையாளர் பெரும்பாலும் இல்லை என்பார். "கடைசியாக என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் காலையில் வைத்த பாலோ மத்தித் தலையோ வெளியே வரும். ஈறு வெளுத்திருந்தாலோ, இதயத்தில் இரைச்சல் கேட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ அறுவையைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டதற்காக வருந்த வேண்டிய நிலை அரிதாகவே வரும்.

முன்கால் நாளத்தில் வென்ஃப்ளான் என்ற சிறுகுழாயைப் போட்டுவைப்பது எந்த முறையிலும் காப்பு. நாளம் கிடைத்துவிட்டால் புரோபோஃபாலும் பயன்படும். இதைக் கண்டறிந்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பதை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் பெருமையோடு நினைவில் வைக்கலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் (ஐயன்) கிளென், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1973-இல் இதன் மயக்கும் தன்மையைக் கண்டார். 2018-இல் அதற்காக லாஸ்கர் விருது பெற்றார். இன்று உலகெங்கும் மனிதர்களின் அறுவை அரங்குகளிலும் அந்த வெள்ளை மருந்துதான். புரோபோஃபாலை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், விளைவைப் பார்த்துப் பார்த்து மெல்லச் செலுத்த வேண்டும்; வேகமாகத் தள்ளினால் மூச்சு நின்றுவிடும். சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த குழம்பு என்பதால் அதில் கிருமி எளிதில் வளரும். திறந்த குப்பியை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. தயோபென்டோன் பழைய, விலை குறைந்த மருந்து. காரத்தன்மை மிக்கதால் நாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான வேட்டைநாய்கள் இதிலிருந்து தெளிய வெகுநேரம் எடுக்கும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் அதே உடல்வாகு கொண்டவை. அவற்றிடமும் அதே கவனம் தேவை.

மயக்கம் வேறு, வலிநீக்கம் வேறு. அசையாமல் கிடக்கும் விலங்குக்கு வலி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கருப்பையை இழுக்கும்போது மூச்சும் துடிப்பும் திடீரென ஏறினால் அது வலியின் குரல். பியூட்டார்ஃபனால் போன்ற ஊசி முன்கூட்டியே, வெட்டும் இடத்தில் அளவறிந்த லிக்னோகைன், நீர்ச்சத்துக் குறையாத விலங்குக்கு மெலாக்சிகம் என்று பல பக்கமிருந்தும் வலியைத் தடுக்கலாம். பூனைக்குப் பாராசிட்டமால் நஞ்சு. அதை வீட்டிலும் கொடுக்க வேண்டாமென்று உரிமையாளரிடம் சொல்லியனுப்ப வேண்டும்.

கீட்டமைன் மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும், இமை துடிக்கும், விழுங்கும் அசைவும் இருக்கும். கண்ணைப் பார்த்து ஆழத்தை அளக்க முடியாது. கண் காயாமலிருக்கக் களிம்பு போட வேண்டும். ஈறின் நிறம், அழுத்தி விட்ட ஈறில் இரண்டு வினாடிக்குள் ரத்தம் திரும்புகிறதா என்பது, தொடையிடுக்கில் நாடி, மார்பின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத ஒருவர் வேண்டும். அறுக்கும் கைக்கு அந்த வேலையும் சேரக் கூடாது. நாக்கில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சிறு கிளினிக்குக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. பக் நாய், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு விலங்குகளுக்கு மூச்சுக்குழலில் ட்யூப் போட்டு, நன்றாக விழிக்கும்வரை எடுக்காமல் வைக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வு, மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் சுமார் 600-க்கு ஒன்று, பூனைகளில் சுமார் 420-க்கு ஒன்று என்றது. இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதியும், பூனைகளில் பாதிக்கு மேலும் அறுவை முடிந்த பிறகே இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். தையல் போட்டவுடன் வேலை முடிந்ததாக நினைக்கும் வழக்கத்துக்கு இந்த எண்கள் தெளிவான மறுப்பு. கொச்சியின் வெக்கையிலும் விலங்கு குளிர்ந்துபோகும்: மழித்த வயிறு, ஸ்பிரிட் ஈரம், தலைக்கு மேல் மின்விசிறி. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் போதும். தோலில் நேரடியாகப் பட்டால் புண்ணாகும். சைலசீனை யோஹிம்பின் முறிக்கும், கீட்டமைனை முறிக்காது. கீட்டமைன் தணியும் முன் யோஹிம்பின் போட்டால் விலங்கு விறைத்துத் துடிக்கும், சைலசீன் தந்த வலிநீக்கமும் போய்விடும். ஆகவே அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

கீட்டமைன் 2011-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், 2013-இல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது. குப்பி பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மில்லிக்கும் எந்த விலங்கு, எவ்வளவு எடை, என்ன தேதி என்று கணக்கு வேண்டும். சட்டத்துக்காக எழுதும் அந்த ஏடே, ஓராண்டு கழித்துப் புரட்டும்போது மருத்துவருக்குச் சொந்தப் பாடநூலாகிறது.

மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று பல மொழிகள் வீட்டுமொழியாக வழங்கும் ஊர் மட்டாஞ்சேரி. அன்றிரவு விலங்கைத் தரையில் படுக்க வைப்பது, உயரத்தில் ஏறவிடாதது, தடுமாறாமல் நடந்த பிறகே தண்ணீர், மூச்சு மாறினால் உடனே தொலைபேசி ஆகிய குறிப்புகள் உரிமையாளரின் மொழியில் சொல்லப்பட வேண்டும். துணிப்பையில் வந்த பூனை முதலில் காதை அசைக்கும், பிறகு நாக்கை நீட்டும், தலையைத் தூக்கி விழும், மீண்டும் தூக்கும். தூக்கிய தலை விழாமல் நின்று, நெஞ்சை ஊன்றித் தானாகப் படுத்து, குரலுக்குத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அதைப் பையில் வைத்துக் கொடுக்கலாம்.