இரு நீலக்கதிர்த் தட்டுகள்

ஒளியின் அலைநீளம் குறையுமாயின் அதைக் குவிக்கும் புள்ளியும் சிறுக்கும். அதனால் மிக நெருக்கமாகப் பதிந்த குறிகளையும் படிக்க இயலும். டி.வி.டி. தட்டுக்கு உரியது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். 2006-ஆம் ஆண்டில் திரைப்படத் தட்டுகளாக விற்பனைக்கு வந்த எச்.டி. டி.வி.டி., புளூ-ரே ஆகிய இரண்டும் 405 நானோமீட்டர் நீல ஊதாக் கதிரையே கையாண்டன. அங்ஙனமாயின் வேற்றுமை யாது? குறிகளின்மேல் அமைந்த காப்புப் படலத்தின் தடிப்பேயாம்.

எச்.டி. டி.வி.டி.யில் அது, பழைய டி.வி.டி.யைப் போலவே, 0.6 மில்லிமீட்டர். ஆகவே பழைய ஆலைகளைச் சிறிது மாற்றியே அதை வார்க்க முடிந்தது. ஓர் அடுக்கின் கொள்ளளவு 15 கிகாபைட். புளூ-ரேயில் படலம் 0.1 மில்லிமீட்டரே, வில்லை குறிகளை நெருங்கி நிற்பதால் கொள்ளளவு 25 கிகாபைட் ஆயிற்று. ஆனால் மெல்லிய படலத்தைக் கீறலினின்று காக்கக் கடினப் பூச்சு வேண்டியதாயிற்று.

கொள்ளளவு மட்டுமே வெற்றி தேடித் தந்தது எனல் பொருந்தாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி புளூ-ரேயைப் பல இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் படநிறுவனமும் அதன் பக்கம் சேர்ந்தது. பிப்ரவரி 19-இல் தோஷிபா எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டது. அக்கருவியை மட்டும் வாங்கியிருந்தோர் புளூ-ரே தட்டை அதில் இட்டுப் பார்க்கவும் வழியில்லை: 0.6 மில்லிமீட்டர் ஆழத்துக்கென அமைந்த வில்லை 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் கதிரைச் செவ்வனே குவிக்காது.