பூனையின் நகத்தை எடுப்பது கூடுமா?

அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் தாயார் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் வளர்க்கும் பூனை சோபாவைக் கீறிவிட்டதாம்; பேரப்பிள்ளையின் கையிலும் ஒரு கீறல். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் அதன் நகங்களை எடுத்துவிடலாம் என்கிறாராம் மருமகள். மார்க்கத்தில் இது கூடுமா என்பது கேள்வி.

நாம் வெள்ளிக்கிழமை நகம் களைவது போன்றதல்ல இது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து முளைக்கிறது. மீண்டும் முளைக்காதிருக்க அந்த எலும்பையே மூட்டோடு துண்டித்து விடுகிறார்கள். நம் விரல்களின் நுனிக் கணுவை வெட்டுவதற்கு ஒப்பானது. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் மயக்கம் தெளிந்தபின் அந்தக் காலால்தானே அது நடக்க வேண்டும்? சில பூனைகள் மணலில் கால்வைக்க அஞ்சிக் கண்ட இடத்தில் அசுத்தம் செய்வதும் உண்டு. சோபா தப்பும், முஸல்லா தப்பாது!

அமெரிக்க மாநிலங்களில் முதன்முதலாக நியூயார்க் 2019-ல் இதைத் தடை செய்தது. பல மாநிலங்களில் இன்னும் அனுமதி உண்டு. சட்டம் அனுமதிப்பதெல்லாம் நமக்கு ஆகுமானதாகி விடாது.

பிராணிகளை அங்கஹீனம் செய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்ததால் நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸையும் எல்லோரும் அறிவோம். அவள் தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்ன அவிழ்த்துவிடவுமில்லை. இந்த இரண்டாவது பகுதியை நாம் கவனிப்பதில்லை. தன் இரையைத் தானே தேடும் வழியை அடைத்ததும் அவள் குற்றத்தில் சேர்ந்தது. நகத்தை எடுப்பவர் அந்த வழியை ஆயுள் முழுவதற்கும் அடைக்கிறார். நாய் துரத்தினால் மரமேறித் தப்பவும் அதனால் இயலாது.

‘அது தொல்லை தருகிறதே’ என்றால், அதற்கும் ஃபிக்ஹில் இடமுண்டு. பறவையையோ உணவையோ நாசம் செய்வது ஒரு பூனையின் வழக்கமென அறியப்பட்டிருந்தால், இரவானாலும் பகலானாலும் உரிமையாளரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதுகிறார்கள். பூனை பாயும் வேளையில் அதைத் தடுக்கலாம். அதுவும் இலேசான வழியால் முடியுமானால் கடுமையான வழி கூடாது. சும்மா படுத்திருக்கும் பூனையை, நாளைக்குக் கீறும் என்று இன்றே துண்டிப்பதற்கு இதில் ஆதாரம் எங்கே? ஹனஃபி நூல்களில், பயனிருந்தால் பூனைக்குக் காயடிக்கலாம் என்ற அனுமதி உண்டு. ஷாஃபியீ மத்ஹபில் அதுவும் இல்லை. அந்த அனுமதியை மரச்சாமானைக் காப்பாற்ற விரல்களைக் களைவது வரை நீட்டுவது முறையென்று நமக்குத் தோன்றவில்லை. நகத்தில் கட்டியோ புரையோ வந்து வைத்தியர் எடுக்கச் சொன்னால், அது சிகிச்சை, தடையில்லை.

‘எடுக்காவிட்டால் தெருவில் விட்டுவிடுவார்களே’ என்று வாதிப்போரும் உண்டு. மெய்யாகவே அந்த நிலை வந்தால், அதைப் பேணக்கூடிய வேறு வீட்டில் ஒப்படைக்கலாமே.

அந்தத் தாயாருக்கு நாம் எழுதியது இதுதான்: கயிறு சுற்றிய கட்டை ஒன்றை சோபாவின் அருகிலேயே நிறுத்துங்கள்; கீறுவது அதன் இயல்பு, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை நகத்தின் கூர்நுனியை மட்டும் கத்தரியுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தநாளம்; அதில் கத்தரி படக்கூடாது. பேரப்பிள்ளை பூனையின் வாலை இழுக்கிறதா என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.