கர்ப்பகால சர்க்கரையும் பிரஷரும்: இரண்டையும் சேர்த்துக் கவனியுங்கள்

“எங்க வீட்ல யாருக்கும் சர்க்கரை இல்லையே, எனக்கு எதுக்கு டெஸ்ட்?” என்று கர்ப்பிணிகள் பலர் கேட்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் கர்ப்பகாலத்தில் சர்க்கரை வரலாம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாததே காரணம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்த 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

சர்க்கரை இருந்தால் பிரஷர் கூடும் ஆபத்தும் அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் வெளியேறினால், கவனிக்காதபோது வலிப்பு வரை கொண்டுபோய் விடும். ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். “நல்லாத்தானே இருக்கேன்” என்று செக்கப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்:
- விடாத தலைவலி
- கண் மங்கல்
- மேல்வயிற்று வலி
- முகம், கைகளில் திடீர் வீக்கம்
- குழந்தையின் அசைவு குறைதல்

பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 6 வாரம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பாருங்கள். பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம்.