கைபேசிச் செயலியும் கடல்வளம் பேணலும்

ஒரு நிலையத்தில் ஊழியம் புரிவோரை இயற்கை வளம் பேணும் பணியில் ஈடுபடுத்துதற்குக் கைபேசிச் செயலிகளை வகுக்கும் வழக்கம் இக்காலத்துப் பல நாடுகளிலும் பரவியுளது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டோர்க்கும், மிதிவண்டியில் அலுவலகம் வந்தோர்க்கும், மரக்கன்று நட்டோர்க்கும் அச்செயலி புள்ளிகள் வழங்கும். மிகுந்த புள்ளி பெற்றோர் பெயரை முதலில் நிறுத்தும். இத்தகையதொன்றை நம் மாணவரும் ஆக்க முற்படுதல் கூடும். ஆதலின், செயலி ஒன்று உழைப்போரின் உள்ளத்தை எவ்வாறு கவரும், எவ்விடத்துத் தவறும் என்பதனை நம் கடற்கரையிலேயே உள்ள ஓர் உண்மைச் சான்றைக்கொண்டு ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

களமும் உழைப்போரும்

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை பரந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989-இல் ஏறத்தாழ 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பவளப்பார்களும், கடற்புற்படுகைகளும், அப்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் இப்பகுதியின் செல்வங்கள். வடபாலுள்ள பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கெனவே 448 சதுர கிலோமீட்டர்க் காப்பகம் ஒன்று 2022-இல் நிறுவப்பட்டது.

இக்கடலைப் பேண வேண்டுவோர் யாவர்? பெருந்தொழிற்சாலை ஊழியர் அல்லர். விசைப்படகிற் பங்குக்கு உழைக்கும் தொழிலாளரும், வல்லத்தில் வலைவளைப்போரும், பாசி எடுக்கும் பெண்டிருமே ஆவர். கடலே அவர்க்கு வேலைக்களம். தங்கள் வேலைக்களத்தின் நலத்திற்கும் தங்கள் அன்றன்றைய உணவிற்கும் இடையே நிற்போர் அவர். ஆகவே, இப்பொருளை ஆராய்தற்கு இவர்களினும் தக்க சான்று பிறிதில்லை.

ஃபிஷர் பிரெண்ட்

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988-இல் சென்னையில் தோன்றியது. கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவிய அந்நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் முதலிய நிறுவனங்களோடு கூடி, 2007-ஆம் ஆண்டை ஒட்டி மீனவர்க்கெனக் கைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கிற்று. மீனவ நண்பன் எனப் பொருள்படும் 'ஃபிஷர் பிரெண்ட்' என்பது அதன் பெயர். முதலில் எளிய கைபேசிகளில் இயங்கிய அது பின்னர் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குரிய செயலியாக வளர்ந்து, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வழங்கலாயிற்று.

1999-இல் ஐதராபாதில் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு வேண்டும் கடற்செய்திகளை அளிக்கின்றது. அலையின் உயரம், காற்றின் வேகம், புயல் எச்சரிக்கை, மீன் கூடும் இடம் ஆகியவற்றோடு, இலங்கையின் கடலெல்லையை அணுகுங்கால் எச்சரிக்கை செய்தலும் இச்செயலியின் தொழில்களாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு நீரின்மேல் எழுதப்படவில்லை. அதனைக் கடந்தோர் சிறைப்படுதலும் படகிழத்தலும் இக்கரையில் யாவரும் அறிந்த துன்பம். கண்ணுக்குப் புலனாகாத கோட்டை ஒலியால் அறிவிக்குங் கருவியை மீனவர் நாடியதில் வியப்பொன்றுமில்லை.

மீன் கூடும் இடத்தை அறியும் முறையும் நோக்கத்தக்கது. செயற்கைக்கோள் மீனைக் காண்பதில்லை. கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும், நுண்ணிய தாவரங்களின் பச்சையத்தால் எழும் நிறத்தையுமே அது காண்கின்றது. வெவ்வேறு வெப்பமுடைய நீர்கள் சந்திக்கும் விளிம்பில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றை நாடிச் சிறுமீனும், சிறுமீனை நாடிப் பெருமீனும் வரும் என்பது கொண்டு இடம் கணிக்கப்படுகின்றது. முகில் மூடிய நாளில் இக்காட்சி மறைந்துவிடும். நீவாட்டையும் காற்றையும் கொண்டு மீனின் போக்கைக் கணித்த நம் முன்னோர் அறிவுக்கு இது துணையேயன்றி மாற்று அன்று.

செயலி கற்பிக்கும் பாடங்கள்

முதலாவது, பயன்படுத்துவோனுக்கு அது அன்றே பயன் தருதல் வேண்டும். 'கடலைக் காப்பீர்' என்னும் அறிவுரை மட்டும் தாங்கி வந்திருப்பின் எவரும் அதனை இருமுறை திறவார். உயிரையும் படகையும் எரிபொருளையும் காப்பதனாலேயே அது கையில் இடம்பெற்றது. மீன் தேடி அலையும் நேரம் குறையின், எரியும் டீசலும் குறையும். பணமும் மிஞ்சும், காற்றும் தூய்மையுறும். தன்னலமும் பொதுநலமும் ஒரே செயலிற் சேருமிடத்தைக் கண்டுபிடித்தலே செயலி வகுப்போனின் தலையாய கடன்.

இரண்டாவது, களத்தின் இயல்புக்கு அது இயைதல் வேண்டும். கரையினின்று சில கடல்மைலுக்கு அப்பால் கைபேசிக் கோபுரத்தின் அலைகள் எட்டா. ஆயினும் இடங்காட்டும் செயற்கைக்கோளின் அலைகள் எட்டும். ஆகவே, வேண்டுவனவற்றைக் கரையிலேயே பெற்றுக்கொண்டு கடலிற் பயன்படுத்துமாறு அமைத்தல் இன்றியமையாதது. ஈரக்கையால் தொடவும், உப்புக்காற்றில் எழுத்தை நோக்காது ஒலியைக் கேட்கவும் வாய்ப்பிருத்தல் நன்று. பாம்பனில் 2016-இல் தொடங்கிய 'கடல் ஓசை' வானொலி மீனவர்தம் பேச்சிலேயே மீனவரோடு உரையாடியதனை இதனுடன் ஒப்பிட்டு நோக்குக.

மூன்றாவது, செய்தி இருபுறமும் செல்லல் வேண்டும். வலையிற் சிக்கிய கடற்பசுவை மீனவர் விடுவித்து அறிவித்தலும், அவர்க்கு வனத்துறையினர் பரிசளித்துப் பாராட்டுதலும் பாக் விரிகுடாவில் நிகழ்வன. கடலில் நாடோறும் உள்ளவன் கண்டதை ஆராய்ச்சியாளன் கேட்கின்றான். கேட்கப்படுவோன் ஏவலாளன் அல்லன், கூட்டாளியே ஆகின்றான். கேட்டவற்றால் விளைந்தது யாதெனத் திரும்பச் சொல்லாத செயலி விரைவில் மறக்கப்படும்.

செயலியால் ஆகாதவை

இனி, மறுபக்கத்தையும் நோக்குவாம். மீன் கூடும் இடத்தை எல்லோர்க்கும் அறிவித்தால், எல்லோரும் ஆங்கே திரண்டு கடலை வெறுமையாக்குதல் கூடாதோ? இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. கருவி வேகத்தைத் தருமேயன்றி அளவைத் தாராது. அளவைத் தருவது ஒழுங்கே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உளது. தடைக்காலத்தில் மீன் கூடும் இட அறிவிப்பும் நிறுத்தப்படுகின்றது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் ஏனை நாள் நாட்டுப்படகும் தொழில்செய்யும் முறையும் இக்கரையில் வகுக்கப்பட்டதே. ஒழுங்கு முன்னும் கருவி பின்னுமாக நிற்றலே முறை.

இதற்குச் சிறந்த சான்று பாம்பன் தீவின் பாசி எடுக்கும் பெண்டிர். துணி சுற்றிய விரல்களோடு மூழ்கி மரிக்கொழுந்துப்பாசியும் பிறவும் எடுக்கும் இவர்கள், தம்முட் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதென வரையறுத்துக்கொண்டனர். பாறையும் பவளமும் சிதையாவண்ணம் கையாற் பறித்தனர். சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி இவர்தம் உரிமைக்கும் கடற்காவலுக்கும் உழைத்தமைக்காக 2015-இல் சீகாலஜி பரிசு பெற்றார். அவர்களை ஒன்றுபடுத்தியது எச்செயலியும் அன்று. கூடியிருந்து பேசிய பேச்சே. நீருள் மூழ்குவார் கையிற் கைபேசி இராது. கைபேசி இல்லாரைக் கணக்கிற் கொள்ளாத செயலி, மிகுதியாக உழைப்போரையே விட்டொழிக்கும்.

நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். படகுக்கு வழிகாட்டும் கருவி, படகு சென்ற வழியையும் பதிந்துவைக்க வல்லது. அப்பதிவு யார் கைக்குச் செல்லும்? சம்மாட்டிக்கோ, அதிகாரிக்கோ, வணிகனுக்கோ தன் இசைவின்றிச் செல்லுமென மீனவன் ஐயுறுவானாயின், அக்கணமே கருவியை அணைத்துவிடுவான். அலுவலக ஊழியனும் அத்தன்மையனே. தான் பேணும் பணிக்குத் துணையென வந்தது தன்மேல் ஒற்றென அவன் கருதுவானாயின், பரிசும் புள்ளியும் அவனை மீட்டும் அழையா.

நமக்கு ஆவது

மாணவ நண்பர்களே, நம் வளாகத்தின் நீரையும் மின்சாரத்தையும் பேணச் செயலி ஒன்று செய்ய விழைவீராயின், முதலிற் கணினிமுன் அமராதீர். எக்குழாய் ஒழுகுகின்றது என்பதனைத் தோட்டக்காரரையும், எவ்வளவு சோறு வீணாகின்றது என்பதனை விடுதிச் சமையற்காரரையும் வினவுமின். அவர் அறிவே செயலிக்கு அடிப்படை. சேர்த்த குப்பையின் எடைக்குப் புள்ளி கொடுத்தால் குப்பை பெருகும். குறைந்த குப்பைக்குக் கொடுத்தலே அறிவுடைமை. தனியொருவரை முதலிடத்தில் நிறுத்துவதினும், விடுதியும் துறையும் கூடிப் பெற்ற பயனைக் காட்டுதல் நன்று. கைபேசி இல்லாதார் சொல்லை எழுதிச் சேர்த்தற்கு ஒருவரை நியமிப்பீராக. எச்செய்தியைப் பதிகின்றீர், எத்துணை நாள் வைத்திருப்பீர் என்பதனையும் முன்னரே எல்லோர்க்கும் தெரிவிப்பீராக.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிய இரவில், கடலிலிருந்தோர்க்குச் செய்தி சொல்ல இத்தகைய கருவி எதுவும் இருந்ததில்லை. இன்று உளது. அதனைக் காவலனாகவன்றித் தோழனாக ஆக்கும் பொறுப்பு, அதனை வகுக்கக் கற்கும் இளைஞர்பாலதே.