முளைப்பாரி சொல்லித் தரும் வெளிச்சப் பாடம்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மாரியம்மன் கோவில் திருவிழா என்றால் முளைப்பாரி எடுப்பது வழக்கம். எருவும் மண்ணும் நிரப்பிய சட்டியில் ஊறவைத்த பயறுகளைத் தூவி, இருட்டு அறையில் வைத்து, தண்ணீர் தெளித்துப் பெண்கள் வளர்ப்பாங்க. பத்து நாளுக்குள் வெளிர் மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று நிற்கும். அதே பயறை வயலில் விதைத்தால் அந்த வயசில் குட்டையாக, தடித்த தண்டும் பச்சை இலையுமாக இருக்கும். விதை ஒன்றுதான், வெளிச்சம்தான் வேறு.

இந்தப் பாடம் புரியாமல் நான் ஒரு பட்டம் இழந்தேன். விவசாயத்துக்கு வந்த முதல் வருஷம், வெயிலுக்குப் பயந்து புங்கமரத்தடியில் கத்தரி நாற்றுப் பாவினேன், அதுவும் நெருக்கமாக. நாற்று ஒல்லியாக நீண்டது. சத்துக் குறைவு என்று நினைத்துப் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் மாற்றி மாற்றித் தெளித்தேன். இன்னும் நீண்டதே தவிர தண்டு தடிக்கவில்லை. நடவு செய்த வாரமே அடித்த காற்றில் பாதிக்கு மேல் சாய்ந்து போச்சு. நாற்றுக்குக் குறைந்தது சத்து இல்லை. அதுக்குக் கிடைத்த வெளிச்சச் சேதி தப்பு.

செடிக்குக் கண் கிடையாது. ஆனால் அதன் செல்களுக்குள் ஒளி உணரிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. சிவப்பு ஒளியையும், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியையும் உணர்வது பைட்டோகுரோம். நீல ஒளியை உணர்வது கிரிப்டோகுரோம். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் கீரை விதையில் இதைக் காட்டினார்கள். சிவப்பு ஒளி பட்டால் விதை முளைத்தது. அடுத்துத் தொலைச்சிவப்பு பட்டால் முளைப்பு நின்றது. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியில் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்தது.

உள்ளே நடப்பது இதுதான். கடுகு குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். மரபணுக்களை ஒரு வங்கியின் லாக்கர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா லாக்கரும் எப்போதும் இருக்கும். எதை எப்போது திறப்பது என்பதில்தான் சூட்சுமம். இருட்டில் 'பிஃப்' என்ற புரதங்கள் தண்டை நீட்டும் மரபணுக்களைத் திறந்து வைத்து, பச்சையம் உண்டாக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. வெளிச்ச வேலைகளைத் தொடங்கி வைக்க வேண்டிய 'எச்.ஒய்.5' என்ற புரதத்தை, 'காப்1' என்ற இன்னொரு புரதம் அவ்வப்போது அழிக்க ஏற்பாடு செய்கிறது.

வெளிச்சம் பட்டதும் பைட்டோகுரோம் வடிவம் மாறி, மரபணுக்கள் இருக்கும் செல் உட்கருவுக்குள் போகிறது. பிஃப் புரதங்கள் அழிகின்றன. காப்1-இன் கை கட்டப்படுகிறது, இதில் கிரிப்டோகுரோமுக்கும் பங்கு உண்டு. எச்.ஒய்.5 சேர்ந்து வேலையைத் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நிலை மாறுகிறது. தண்டு நீள்வது குறைகிறது, இலை விரிகிறது, பச்சை ஏறுகிறது.

இருட்டில் நீள்வது நோய் இல்லை, அது பிழைக்கும் வழி. எங்கள் செம்மண்ணில் உளுந்து முளைக்கும்போது பாருங்க, கொக்கி மாதிரி தலையை வளைத்துக்கொண்டு மண்ணை முட்டி வரும். நுனிக்குருத்து அடிபடாமல் இருக்கத்தான் இந்த வளைவு. வெளியே வந்து வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிரும். ஆழமாக விதைத்தால், வெளிச்சத்தைப் பார்க்கும் முன்னாடியே விதையில் இருக்கிற கையிருப்பு தீர்ந்துபோகும்.

சரி, மரத்தடியில் வெளிச்சம் இருந்ததே, அப்புறம் ஏன் நீண்டது? பச்சை இலை சிவப்பையும் நீலத்தையும் தனக்கு எடுத்துக்கொண்டு, தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். அந்த ஒளியில் பைட்டோகுரோம் அடங்கிப்போக, பிஃப் மறுபடி தலைதூக்கும். 'மேலே ஒருத்தன் மறைக்கிறான், அவனைத் தாண்டி ஓடு' என்று நாற்று தண்டை நீட்டும். நெருக்கமாக விதைத்தாலும் இதே கதைதான். பக்கத்து நாற்றின் இலையில் பட்டுத் திரும்பும் தொலைச்சிவப்பே போதும்.

இதை வைத்து இப்போது நான் கடைப்பிடிப்பது:

நாற்றங்காலை மரத்தடியில் போடுவதில்லை. கடும் வெயிலுக்கு நிழல் வேண்டுமென்றால் காய்ந்த தென்னங்கீற்றுப் பந்தல். காய்ந்த கீற்றில் பச்சையம் இல்லாததால் பச்சை இலை செய்யும் குழப்பம் அதில் குறைவு. நாற்று தேறத் தேறக் கீற்றைக் குறைத்துவிட வேண்டும்.

வரிசை பிடித்து, கலக்க விதைக்கிறேன். நெருக்கமாக வந்தால் உடனே களைத்து விடுகிறேன்.

பாத்திமேல் பரப்பிய வைக்கோலை, முளை தலைகாட்டிய அன்றைக்கே, சாயங்கால நேரத்தில் எடுத்து விடுகிறேன்.

களைக்கும் இதே கணக்குதான். சிறு விதைக் களைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் தேவை. உழும்போது மேலே வரும் விதைக்கு அது கிடைத்துவிடுகிறது. தடிமனான மூடாக்கு அதை மறைக்கிறது. மூடாக்கு ஈரம் காப்பதோடு களை விதையைத் தூங்கவும் வைக்கிறது.

நம்பாதவங்க ரெண்டு கொட்டாங்குச்சியில் பாசிப்பயறு போடுங்க. ஒன்றை வெளிச்சத்தில் வைத்து, மற்றதைப் பானையால் மூடுங்க. அஞ்சாம் நாள் பானையை எடுத்து அதையும் வெளிச்சத்தில் வையுங்க. மறுநாள் மஞ்சள் மாறிப் பச்சை ஏறுவதைப் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக் காட்டுங்க. அடுத்த தடவை நாற்று நீண்டால், தெளிப்பானை எடுக்கும் முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பாருங்க.